பாறை உச்சியில் இரண்டு முறையும் பெண்தானா?

முல்லைக்கொடி | சனி, இரவு 11:20

போன வாரம் தம்பி லீவில் வந்திருந்தான். 'அவெஞ்சர்ஸ்' படங்களில் 'இன்ஃபினிட்டி வார்', 'எண்ட்கேம்' இரண்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து பார்த்தோம். தியேட்டரில் பார்த்தபோது 2018, 2019 என்று நடுவில் ஒரு வருடம் ஓடிவிட்டது, அதனால் எனக்கு உறைக்கவில்லை. இந்த முறை அடுத்தடுத்துப் பார்த்ததும் ஒரு விஷயம் நெஞ்சில் தைத்துவிட்டது.

வோர்மிர் கிரகத்தில் அந்தப் பாறை. ஆன்மக் கல் வேண்டுமென்றால் நேசிக்கிற ஓர் உயிரைக் கொடுக்க வேண்டும். முதல் படத்தில் வில்லன் தானோஸ் தன் வளர்ப்பு மகள் கமோராவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தள்ளுகிறான். இரண்டாவது படத்தில் நாயகர் குழுவின் நடாஷாவும் கிளின்டும் நான்தான் சாவேன், நான்தான் சாவேன் என்று ஒருவரையொருவர் தடுத்து மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் நடாஷா கையை விடுவித்துக்கொண்டு விழுகிறாள். இரண்டு தடவையும் கேமரா மேலிருந்து பார்க்கிறது. கீழே கல்மேல் ஒரு பெண்ணின் உடல்.

இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். கமோரா கொல்லப்படுகிறாள், நடாஷா தானே முடிவெடுக்கிறாள். ஆனால் கமோரா செத்ததும் படம் யார் முகத்தைக் காட்டுகிறது? கொன்றவன் முகத்தை, அவன் கண்ணீரை. நடாஷா செத்ததும் ஏரிக்கரையில் ஐந்து ஆண்கள் நிற்கிறார்கள், ஒருவர் பெஞ்சைத் தூக்கி எறிகிறார், அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அதே படத்தில் சாகிற அயர்ன் மேன் டோனிக்கு எல்லாரும் கறுப்பு உடையில் வரிசையாக வந்து நிற்கும் இறுதிச் சடங்கு உண்டு.

இன்னொன்றும் என்னை அரிக்கிறது. கிளின்டுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். நடாஷாவுக்குப் பிள்ளை பெறவே முடியாதபடி உளவாளிப் பயிற்சியின்போதே செய்துவிட்டார்கள் என்று 2015இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' சொல்லிவிட்டது. ஆகவே போகவேண்டியது யார் என்பதை எண்ட்கேம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் பெரிய அத்தைக்குக் குழந்தை இல்லை. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரியில் ராத்தங்க அவரைத்தான் கூப்பிடுவார்கள், 'உனக்கென்ன, தனி ஆள்தானே' என்று. படம் பார்க்கும்போது அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இது தற்செயலா, பழக்கமா? காமிக்ஸ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_அட்டை | ஞாயிறு, காலை 6:05

முல்லை, பழக்கம்தான். அது பாறையில் தொடங்கவில்லை, ஒரு பாலத்தில் தொடங்கியது என்பேன்.

1973 ஜூன் தேதியிட்ட 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ். எழுத்து ஜெர்ரி கான்வே, ஓவியம் கில் கேன். வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசி அவள் காலைப் பிடித்துவிடுகிறான். காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் மேலே இழுக்கிறான். பார்த்தால் உயிர் இல்லை. அந்தக் கட்டத்தை உற்றுப் பாருங்கள், அவள் கழுத்தருகே 'ஸ்னாப்' என்று குட்டியாக ஓர் ஒலிச்சொல் இருக்கும். கடிதங்கள் குவிந்தன. 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் பதில் சொன்னார்கள்: விழுந்துகொண்டிருந்தவளை வலை சட்டென்று நிறுத்தியதில்தான் கழுத்து போனது என்று. காப்பாற்றப் போன கைதான் காரணம் என்றால் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் ஆயுள் முழுக்க அழலாம். அழுதுகொண்டும் இருக்கிறான்.

நான் அந்த இதழை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பத்துப் பன்னிரண்டாவது தடவைதான் கவனித்தேன்: பாலத்தில் க்வென் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மயக்கத்திலேயே வருகிறாள், மயக்கத்திலேயே போகிறாள். தன்னைக் கடத்தியது யார் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு 1994. 'கிரீன் லான்டர்ன்' 54ஆம் இதழ். புது நாயகன் கைல் ரேனர் வீட்டுக்கு வருகிறான். காதலி அலெக்ஸாண்ட்ராவை ஒரு வில்லன் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்திருக்கிறான். அந்தப் பெண் அந்தத் தொடரில் அறிமுகமாகியே சில இதழ்கள்தான் ஆகியிருந்தன. 1999இல் கெயில் சிமோன் என்ற வாசகி இப்படிக் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை எல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு, 'ஃபிரிட்ஜுக்குள் பெண்கள்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றினார். அப்போது அவருக்கு முடி திருத்தும் தொழில். சில ஆண்டுகள் கழித்து அவரே 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே'யும் 'வொண்டர் வுமன்'உம் எழுதினார்.


வைகைக்கரையான் | ஞாயிறு, காலை 9:48

ஐயா, முல்லை அக்கா, இருவர் சொல்வதும் புரிகிறது. ஆனாலும் நான் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சூப்பர் ஹீரோ கதையில் யார்தான் சாகவில்லை? ஸ்பைடர்மேனின் கதையே பென் பெரியப்பா சாவில் தொடங்குகிறது. பேட்மேனின் அப்பாவும் அம்மாவும் ஒரே சந்தில் சாகிறார்கள். சூப்பர்மேனுக்கு ஒரு கிரகமே போனது. துக்கம் இல்லாமல் நாயகன் இல்லை. க்வென் சாவு எனக்குப் பிடித்த கதை. நாயகன் கடைசி நொடியில் எப்படியும் காப்பாற்றிவிடுவான் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. அது நடக்காமல் இருந்திருந்தால் காமிக்ஸ் இன்னும் சின்னப்பிள்ளை விஷயமாகவே இருந்திருக்கும்.

அப்புறம், அந்தக் காலத்தில் வாங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். அவர்களுக்கு எழுதினார்கள். இன்றைய அளவுகோலை அன்றைய ஆட்கள்மீது வைப்பது நியாயமா?


பழைய_அட்டை | ஞாயிறு, காலை 10:30

தம்பி, கோபமெல்லாம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்றைய அளவுகோல் என்கிறீர்களே, அன்றைக்கே கேட்டார்கள். 1961இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' வந்தபோது நான்கு பேரில் ஒரே பெண் சூ ஸ்டார்ம். பெயர் 'இன்விசிபிள் கேர்ள்'. மற்றவர்களுக்கு நெருப்பு, பாறை உடம்பு, ரப்பர் மாதிரி நீளும் கை. இவளுக்குக் கிடைத்த சக்தி, யார் கண்ணிலும் படாமல் இருப்பது. இவள் குழுவுக்கு ஒன்றும் செய்வதில்லையே என்று வாசகர்கள் எழுதிவிட்டார்கள். 1963இல் 11ஆம் இதழில் கதைக்குள்ளேயே அதற்குப் பதில் வருகிறது. குழுத் தலைவன் ரீட் என்ன சொல்கிறான் தெரியுமா? லிங்கனின் தாயை உதாரணம் காட்டுகிறான். பெரிய மனிதனுக்குப் பின்னால் நின்றவள் என்ற பெருமை அவளுக்குப் போதுமாம். அடுத்த வருடமே அவளுக்கு விசைக்கவசம் கொடுத்தார்கள். 'கேர்ள்' என்பது 'வுமன்' ஆக 1985 வரை ஆனது. அதற்குள் அவள் கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தாய்.


முல்லைக்கொடி | ஞாயிறு, பகல் 1:15

வைகை, ஆண்களும் சாகிறார்கள் என்பது சரிதான். நான் கேட்பது அடிபட்ட பிறகு கதை யாரோடு போகிறது என்பதை. பேட்மேனின் உதாரணமே எடுங்கள். 1993இல் பேன் என்ற வில்லன் அவர் முதுகெலும்பை முழங்காலில் வைத்து முறிக்கிறான். அடுத்த ஒரு வருடம் முழுக்க அவர் எப்படி எழுந்து வரப்போகிறார் என்பதுதான் கதை. எழுந்து வந்தும் விட்டார்.

1988இல் 'தி கில்லிங் ஜோக்' கதையில் பார்பரா கோர்டன் வீட்டுக் கதவைத் திறக்கிறாள். ஜோக்கர் நிற்கிறான். வயிற்றில் சுடுகிறான், குண்டு முதுகெலும்பில் பாய்கிறது. பிறகு உடையைக் களைந்து படம் எடுக்கிறான். எதற்கு? அவளுடைய அப்பாவைப் பைத்தியமாக்க. அப்பா பைத்தியமாவாரா மாட்டாரா, பேட்மேன் கொல்வாரா மாட்டாரா என்பதுதான் அந்தக் கதையின் கேள்வி. பேட்கேர்ளாக இருந்த ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு பக்கம் வருகிறாள், அவ்வளவே. ஓவியம் அவ்வளவு அழகு, அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

இரண்டும் முதுகெலும்புதான். ஒருவர் ஒரு வருடத்தில் எழுந்தார், இன்னொருத்தி 2011 வரை சக்கர நாற்காலியில். 23 வருடம்.


பழைய_அட்டை | ஞாயிறு, பகல் 1:40

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்மேனின் முதுகு எப்படிச் சரியானது? ஷோண்ட்ரா கின்சால்விங் என்ற பெண் டாக்டர் தன் மனோசக்தியால் குணப்படுத்துகிறாள். அதில் அவள் மனம் சிதைந்து குழந்தைப் பருவத்துக்கே போய்விடுகிறது. அவர் எழுந்து நடந்தார். அவளை இன்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?


சக்கரவாகம் | ஞாயிறு, மாலை 5:02

இந்த மன்றத்தில் இதுவரை படித்துவிட்டுப் போவேனே தவிர எழுதியதில்லை. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. கல்லூரிக் காலத்திலிருந்து சக்கர நாற்காலி. முல்லை அக்கா '23 வருடம் சக்கர நாற்காலியில்' என்று எழுதியதைப் படித்ததும் சுருக்கென்றது. நீங்கள் எந்த அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று புரிகிறது, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 23 வருடம்தான் எனக்குப் பார்பரா.

நடந்தது இதுதான். கதையில் அவளைச் சுடவைத்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளர் தம்பதிக்கு அது பொறுக்கவில்லை. 1989இல் 'சூசைட் ஸ்குவாட்' தொடரில் 'ஆரக்கிள்' என்ற பெயரில் முகம் காட்டாத ஒருவர் கணினி வழியாகத் தகவல் தருகிறார். யார் அது என்று பார்த்தால் பார்பரா. பிறகு 1996இல் அதே இருவர் எழுதிய 'ஆரக்கிள்: இயர் ஒன்' சிறுகதை. அதில் அவள் சுடப்பட்ட பிறகு நடந்தது எல்லாம் இருக்கிறது, அவள் வாயாலேயே. கோபம், கெட்ட கனவு, எஸ்க்ரிமா என்ற கம்புச் சண்டையை உட்கார்ந்தபடியே கற்பது. முந்தைய கதை அவளுக்குக் கொடுக்காத பக்கங்களை இவர்கள் கொடுத்தார்கள்.

'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே'யில் அவள் கடிகாரக் கோபுரத்தில் உட்கார்ந்து ஊரையே இயக்குவாள். பேட்மேனே அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன விஷயம். பல கட்டங்களில் நாற்காலி சரியாக வரையப்பட்டிருக்கும். பின்னாலிருந்து தள்ளும் உயரமான கைப்பிடி இருக்காது, கையால் தானே உருட்டிப்போகிறவர்கள் வைத்திருக்கும் தாழ்வான முதுகு உள்ள நாற்காலி. எனக்கு அப்போது ஆஸ்பத்திரி நாற்காலிதான் இருந்தது, யாராவது தள்ளினால்தான் நகரும். அந்தப் படத்தை ஒரு கடைக்காரரிடம் காட்டி, இது மாதிரி வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

2011இல் டிசி நிறுவனம் எல்லாத் தொடர்களையும் முதலிலிருந்து தொடங்கியபோது அவளை மறுபடி நடக்கவைத்துப் பேட்கேர்ள் ஆக்கிவிட்டார்கள். பலர் நீதி கிடைத்தது என்றார்கள். நான் அன்று அழுதேன். அவளைச் சுட்டது தவறு. ஆனால் அந்தத் தவறிலிருந்து அவள் கட்டியெழுப்பிய வாழ்க்கையை எடுத்துவிட்டது இன்னொரு தவறு. இரண்டு முறையும் அவளைக் கேட்கவில்லை.


முல்லைக்கொடி | ஞாயிறு, மாலை 5:40

சக்கரவாகம், நான் எழுதிய வரி பிசகு. அந்த இதழை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கும் விதத்தையே நானும் ஞாபகம் வைத்திருந்தேன். திருத்தாமல் விடுகிறேன், உங்கள் பதில் புரியவேண்டுமே.


மைக்கூடு | ஞாயிறு, இரவு 10:10

நான் படம் வரைகிறவள். ஸ்டோரிபோர்டும், சில வருடம் அனிமேஷன் ஸ்டூடியோ வேலையும். நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் கை பரபரக்கிறது. வரைகிறவர் எதைக் கவனித்தார், எதைக் கவனிக்கவில்லை என்பது கோட்டில் அப்படியே தெரிந்துவிடும்.

இந்த மன்றத்தில் இருக்கும் ஆண்கள் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி முன் நில்லுங்கள். கால் இரண்டும் பக்கவாட்டில் இருக்கட்டும். இடுப்பை ஒரு பக்கம் திருப்பி, மார்பை முழுதாக முன்பக்கம் காட்டி, பின்பக்கமும் கண்ணாடியில் தெரியும்படி நிற்க முடிகிறதா? முடியாது, முதுகெலும்பு முறுக்கிய துணி இல்லை. தொண்ணூறுகளின் அட்டைகளில் பெண் நாயகிகள் பாதிப்பேர் இப்படித்தான் நிற்பார்கள். 2012இல் சில ஓவியர்கள் இதே நிலைகளில் ஹாக்ஐயை (முல்லை சொன்ன கிளின்ட்தான்) வரைந்து இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். அதே இடுப்பு, அதே வளைவு, ஆள் மட்டும் ஆண். ஒரு நொடியில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 2014இல் மிலோ மனாராவை வைத்து 'ஸ்பைடர்வுமன்' முதல் இதழுக்கு ஒரு மாற்று அட்டை வரையவைத்தார்கள். அவர் காமச்சித்திரங்களுக்குப் பெயர்போன இத்தாலிய ஓவியர். அவள் கட்டட விளிம்பில் ஏறும் அந்தப் படத்தில் ஏறுகிறவளின் எடை எங்கேயும் இல்லை. கை எதையும் பற்றவில்லை. எனக்கு ஆபாசத்தைவிட அதுதான் உறுத்தியது.

என் கதை ஒன்று. ஒரு இடத்தில் வேலை பார்த்தபோது ஒரு போர்வீராங்கனை மேலிருந்து குதித்து இறங்கும் ஷாட். நான் முழங்காலை மடக்கி, எடை குதிகாலுக்கு வந்து, முன்கை தரையைத் தொட்டு, மூச்சு வெளியேறி, பிறகு நிமிர்வதாகச் செய்தேன். திருத்தம் வந்தது: 'இன்னும் நளினமாக.' மூன்று தடவை திரும்பி வந்தது. கடைசியில் அவள் பூ விழுவதுபோல் இறங்கினாள். பக்கத்து மேசையில் ஆண் பாத்திரத்தின் அதே குதிப்பு. தரை விரிசல் விட்டது, ஒரே தடவையில் ஓகே.

அதனால்தான் 2017இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் வுமன்' பார்த்தபோது நான் அமேசான்களின் தீவுக் காட்சியிலேயே அழுதுவிட்டேன். குதிரையிலிருந்து இறங்கும்போது தொடை குலுங்குகிறது. நிஜமான விளையாட்டு வீராங்கனைகளை நடிக்கவைத்திருந்தார்கள். எடை இருக்கிற உடம்புகள்.


யீஷூன்வாசி | திங்கள், காலை 7:25

வைகை தம்பி, பையன்கள்தான் வாங்கினார்கள் என்றீர்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மாவாகச் சொல்கிறேன், வாங்க விட்டால்தானே?

'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் விமானத்திலிருந்து பைக்கோடு குதிப்பது பிளாக் விடோ, அதாவது நடாஷா. என் மகளுக்கு அந்தக் காட்சி அவ்வளவு இஷ்டம். அந்தப் பொம்மை கடைக்கு வந்தது. பெட்டியைக் கையில் எடுத்தால் பைக்மேல் கேப்டன் அமெரிக்கா. மகள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் எங்காவது அவள் இருப்பாளோ என்று. வாங்காமல் வந்துவிட்டோம்.

'அயர்ன் மேன் 3'இல் பிரதான வில்லன் முதலில் ஒரு பெண் என்றும், பெண் வில்லன் பொம்மை விற்காது என்று மேலிடம் சொன்னதால் மாற்றினோம் என்றும் இயக்குநர் ஷேன் பிளாக்கே 2016இல் சொன்னார். பெண் நாயகி படங்கள் ஓடாது என்று 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' மூன்றையும் அடுக்கி மார்வெலின் தலைமை அதிகாரி 2014இல் எழுதிய மின்னஞ்சல், சோனியின் அஞ்சல்கள் கசிந்தபோது வெளியே வந்தது. அப்புறம் 'வொண்டர் வுமன்' 80 கோடி டாலருக்கு மேலும், 2019இல் 'கேப்டன் மார்வெல்' 110 கோடிக்கு மேலும் வசூலித்தன. ஆண் நாயகன் படம் ஒன்று படுத்தால் அந்தப் படம் சரியில்லை என்பார்கள். பெண் படம் படுத்தால் பெண்களே சரியில்லை.


பழைய_அட்டை | திங்கள், இரவு 8:50

வொண்டர் வுமன் பேச்சு வந்ததால் அவள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 1941இல் அவளை உருவாக்கியவர் வில்லியம் மார்ஸ்டன், உளவியலாளர். வரைந்தவர் எச். ஜி. பீட்டர். மார்ஸ்டனின் கதைகளில் கட்டும் சங்கிலியும் அளவுக்கு மேல் உண்டு, அதை மறைக்கவேண்டாம். ஆனால் அவள் சங்கிலியைத் தானே அறுப்பாள். மறு வருடமே ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் குழுவில் சேர்த்தார்கள், என்ன பதவி? செக்ரட்டரி. ஆண்கள் சண்டைக்குப் போக, இவள் குறிப்பு எழுதவேண்டும். அது மார்ஸ்டன் எழுதியதில்லை.

வொண்டர் வுமன் இதழ்களின் நடுவில் 'வரலாற்றின் வொண்டர் வுமன்கள்' என்று ஒரு பகுதி வரும். டென்னிஸ் வீராங்கனை ஆலிஸ் மார்பிள் பெயரில், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் முதலாக நிஜப் பெண்களின் வாழ்க்கை. 1947இல் மார்ஸ்டன் இறந்தார். பிறகு அந்தப் பகுதியும் போய், உலகத்துக் கல்யாண வழக்கங்களைச் சொல்லும் பகுதி வந்தது. 1968இல் அவள் சக்திகளையே எடுத்துவிட்டு, துணிக்கடை நடத்தவைத்தார்கள். 1972இல் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் 'மிஸ்' பத்திரிகையின் ஜூலை இதழ் அட்டையில் அவளைப் பழைய உடையில் பெரிதாகப் போட்டார்கள். 1973இல் சக்தி திரும்பியது.

நம் பக்கமும் ஒன்று. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்தவள் மாடஸ்டி பிளைசி. எங்கள் தலைமுறைக்கு அவள் 'இளவரசி'. வில்லி கார்வின் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். இருவருக்கும் நடுவில் காதல் இல்லை, கல்யாணம் இல்லை, உயிரைக் கொடுக்கும் நட்பு மட்டும். திட்டம் போடுவது அவள். பன்னிரண்டு வயதுப் பையன்கள் நாங்கள் காசு சேர்த்து வாங்கினோம், தம்பி. பெண் நாயகி என்பதால் யாரும் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை.


வைகைக்கரையான் | செவ்வாய், இரவு 11:55

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். 121, 122 இரண்டு இதழ்களையும் எடுத்து மறுபடி படித்தேன். க்வென் பேசவில்லை என்று ஐயா சொன்னது உண்மை. நான் அத்தனை நேசித்த கதையில் அதைக் கவனித்ததே இல்லை. கதை இன்னும் பிடிக்கிறது, அதை என்னால் மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் அது பீட்டரின் கதையாக மட்டும்தான் எனக்குள் இருந்திருக்கிறது.

122இன் கடைசிப் பக்கத்தை யாரும் சொல்லவில்லை. பீட்டர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். மேரி ஜேன் ஆறுதல் சொல்ல வருகிறாள். அதுவரை பார்ட்டி, டான்ஸ் என்று திரிகிற பெண்ணாகத்தான் அவளைக் காட்டியிருப்பார்கள். பீட்டர் கடித்துக் குதறுகிறான், உனக்கு யார் செத்தால் என்ன என்று. அவள் அழுதபடி கதவு வரை போகிறாள். நிற்கிறாள். பிறகு கதவைச் சாத்துகிறாள், உள்ளே இருந்தபடி. முடிவெடுக்கும்போது அவள் முகம் மட்டும்தான், விளக்கும் வரி எதுவும் இல்லை. க்வென் தோழிதான் அவளுக்கும். அவள் துக்கத்தை யாரும் கேட்கவில்லை. இத்தனை நாள் அந்தப் பக்கத்தைப் பீட்டருக்குக் கிடைத்த ஆறுதல் என்று படித்தேன். நேற்று அவளைப் பார்த்தேன்.

சக்கரவாகம் அக்கா, அந்த 'இயர் ஒன்' சிறுகதை எங்கே கிடைக்கும்?


சக்கரவாகம் | புதன், காலை 6:40

'பேட்மேன் கிரானிக்கிள்ஸ்' ஐந்தாம் இதழில் வந்தது, தம்பி. என்னிடம் இருந்ததை ஒருவர் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை.


பழைய_அட்டை | புதன், காலை 7:10

என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்றில் அட்டை மட்டும் கொஞ்சம் கிழிசல். விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அம்மா, நல்லது உங்களுக்கு. கிழிசல் தம்பிக்கு.